உண்ணல், உடுத்தல், நடத்தல்: காவிரிப் படுகையில் தொழில்வழிச் சிகிச்சை

தமிழ் இலக்கணம் ‘தொழில்’ என்னும் சொல்லைப் பிழைப்புக்குரிய வேலையோடு நிறுத்திவிடவில்லை. உண்ணல், உடுத்தல், குளித்தல், நடத்தல் என மனிதர் செய்யும் எந்தச் செயலின் பெயரும் அங்கே தொழிற்பெயர்தான். ஆங்கில வழக்கில் ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் மருத்துவத் துறைக்குத் தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்றும் செயல்முறைச் சிகிச்சை என்றும் பெயர்கள் வழங்குகின்றன. அவற்றுள் முதற்பெயரைக் கேட்பவர்கள் அதைத் தையல் பயிற்சி என்றோ கூடை முடையக் கற்றுக்கொடுப்பது என்றோ எண்ணிக்கொள்வது இயல்பாக இருக்கிறது. ஆனால் தொழில் என்பதை இலக்கணம் கொள்ளும் பொருளிலேயே கொண்டால் இத்துறையின் நோக்கத்தை அதைவிடத் துல்லியமாகச் சொல்லும் பெயர் வேறில்லை. நோயாலோ விபத்தாலோ பிறவிக் குறையாலோ முதுமையாலோ ஒருவர் இழந்த அன்றாடச் செயல்களை மீட்பதும், மீட்க இயலாதவற்றை வேறு வழியில் செய்யக் கற்பிப்பதும், அதற்கேற்ப வீட்டையும் கருவிகளையும் திருத்தியமைப்பதும் இச்சிகிச்சையின் பணிகள்.

இயன்முறை மருத்துவத்திலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது என்னும் கேள்வி பொதுவாக எழுவதுண்டு. தசையின் வலிமை, மூட்டின் அசைவு, நடையின் சீர்மை ஆகியவற்றை மேம்படுத்துவதில் இயன்முறை மருத்துவர் முதற்கவனம் செலுத்துகிறார். தொழில்வழிச் சிகிச்சையாளரோ அந்த வலிமையும் அசைவும் ஒரு செயலாக நிறைவேறுகின்றனவா என்று பார்க்கிறார். தோள் எத்தனை பாகை உயர்கிறது என்பது முன்னவரின் கேள்வி என்றால், அந்த உயரம் தலைவாரவும் துண்டைத் தோளில் போட்டுக்கொள்ளவும் போதுமா என்பது பின்னவரின் கேள்வி. இரண்டும் ஒன்றையொன்று நிரப்புபவை. தஞ்சாவூரையும் அதைச் சூழ்ந்த நெல் விளையும் மாவட்டங்களையும் பொறுத்தவரை முதற்கேள்வியைக் கேட்க ஆட்கள் ஓரளவு இருக்கிறார்கள். இரண்டாம் கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போகிறது. அதைக் கேட்க ஆளில்லாத நிலையில் உயிர் பிழைத்து வீடு திரும்பியவர் தம் நாளைத் திரும்பப் பெறுவதில்லை என்பதே இங்குள்ள முதன்மைக் குறை.

வேலூரில் கற்ற பாடம்

இத்துறை தனித் தொழிலாக உருவெடுத்தது அமெரிக்காவில். 1917ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் மனநல மருத்துவர், சமூகப் பணியாளர், கட்டடக் கலைஞர் முதலியோர் கூடி இதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினர். முதல் உலகப் போரில் உறுப்பிழந்து திரும்பிய வீரர்கள் இதன் தேவையைக் கண்கூடாகக் காட்டினர். இந்தியாவில் இதற்கு அடித்தளமிட்டவர் அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இந்நாட்டிலேயே வாழ்ந்த கமலா நிம்ப்கர். அவருடைய முயற்சியால் 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் முதற்பயிற்சிப் பள்ளி அமைந்தது. 1952இல் உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஆகவே இத்துறை இந்நாட்டுக்கு நேற்று வந்த புதுமையன்று. எழுபது ஆண்டுகளைக் கடந்த வரலாறு அதற்குண்டு.

தமிழகத்தில் இதன் உட்பொருளை விளங்கவைத்த நிகழ்வு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையால் நிமிர்த்த முடியும் என்பதை மருத்துவர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் செய்து காட்டினார். கை நிமிர்ந்தவர்களுள் சிலரின் வாழ்க்கையோ நிமிரவில்லை: மடங்கிய கையைக் கண்டு இரங்கிப் பிச்சையிட்டவர்கள் நிமிர்ந்த கைக்கு இடவில்லை, அந்தக் கைக்கு வேலை கொடுக்கவும் எவரும் முன்வரவில்லை. இதை உணர்ந்த பிராண்ட் 1951இல் நவஜீவ நிலையம் என்னும் குடியிருப்பை அமைத்து, உணர்ச்சியற்ற விரல்கள் காயப்படாமல் உளியையும் வாளையும் கையாள்வது எப்படி என்பதிலிருந்து தொடங்கி மரவேலை பழக்கினார். 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்பு மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்துக்குக் காரணமானார். உறுப்பைச் சீராக்குவது ஒரு பணி, அந்த உறுப்புக்குரிய செயலை வாழ்க்கையில் மீண்டும் பொருத்துவது மற்றொரு பணி என்பதே வேலூர் தந்த பாடம். தொழுநோயாளருக்கெனக் கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் நெடுங்காலமாக மருத்துவமனை இயங்கிவருவதால் காவிரிப் படுகைக்கும் இப்பாடம் முற்றிலும் அந்நியமானதன்று.

படுகையின் ஒரு நாள்

செயலை மீட்பது என்றால் எந்தச் செயலை என்னும் கேள்வி முன்னிற்கிறது. அதற்கு விடை ஊருக்கு ஊர் மாறும். உலகெங்கும் மருத்துவமனைகளில் புழங்கும் பார்தல் அளவுகோல் 1965இல் வெளியானது. உண்பது, குளிப்பது, முகம் மழித்துத் தலைவாருவது, உடுத்துவது, மலத்தையும் சிறுநீரையும் அடக்குவது, கழிப்பறையைப் பயன்படுத்துவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படியேறுவது ஆகிய பத்துச் செயல்களுக்கு மதிப்பெண் இட்டு, நூற்றுக்கு எத்தனை என்று அது கணக்கிடும். எளிமையும் நம்பகமும் உடைய கருவியே எனினும், காவிரிக் கரைச் சிற்றூரில் வாழும் ஒருவரின் நாளை அது முழுமையாகப் பிடித்துவிடுவதில்லை. தரையில் சம்மணமிட்டு அமர்வதும் அங்கிருந்து எழுவதும், குந்தி உட்காருவதும், வாய்க்கால் படித்துறையில் இறங்குவதும், வரப்பில் நடப்பதும், விரல்களால் சோறு பிசைவதும், வாசலில் குனிந்து கோலமிடுவதும் அந்தப் பட்டியலில் இடம்பெறாத செயல்கள். அவற்றை இழந்தவர் மருத்துவமனைக் குறிப்பேட்டில் ‘தேறியவர்’ ஆகலாம்; தம் வீட்டில் அவர் தேறியவராக இருப்பதில்லை.

இப்பகுதி வீடுகளின் அமைப்பும் கணக்கில் கொள்ளத்தக்கது. ஆற்றுப் பெருக்குக்கும் அடைமழைக்கும் பழகிய நிலமாதலால் வீட்டின் தரைமட்டம் தெருவைவிட உயர்ந்தே இருக்கும். திண்ணைக்குச் சில படிகள், நிலைவாசலில் ஒரு தடுக்குப்படி, முற்றத்துக்கு ஓர் இறக்கம், கொல்லைக்கு மற்றோர் இறக்கம் எனக் காலுக்கு வேலை வைக்கும் கட்டமைப்பு அது. சக்கர நாற்காலிக்குரிய சரிவுப்பாதை ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட கட்டட அளவு. இரண்டடி உயரமுள்ள வாசலுக்கு இருபத்து நான்கு அடி நீளச் சரிவு தேவைப்படும். பல தெருக்களின் அகலமே அவ்வளவு இராது. முகாமில் வழங்கப்பட்ட சக்கர நாற்காலி திண்ணையின் மூலையில் துணி உலர்த்தும் பொருளாகிவிடுவதற்குக் காரணம் பயனாளியின் அக்கறையின்மை என்று கருதப்படுவதுண்டு. அந்த நாற்காலி எந்த வாசலுக்குள் நுழைய வேண்டும் என்பதை முன்னதாக யாரும் அளக்கவில்லை என்பதே பெரும்பாலும் உண்மைக் காரணமாக இருக்கும். தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் வந்து பார்த்தால், சரிவுப்பாதைக்கு இடமில்லாத வீட்டில் படிகளின் உயரத்தைப் பாதியாகக் குறைத்து இடையே படிகளைச் சேர்ப்பது, சுவரோரம் இரும்புக்குழாய்க் கைப்பிடி பதிப்பது, தாழ்வான கொல்லை வழியைப் புழக்கத்துக்குக் கொண்டுவருவது என மாற்றுகளைச் சொல்வார். அவற்றைச் செய்துமுடிக்க உள்ளூர்க் கொத்தனார் போதும்.

சட்டை, இலை, கொல்லை

இச்சிகிச்சையின் நுட்பம் மிகச் சிறிய செயல்களில்தான் வெளிப்படும். ‘ஒரு பக்கம் விழுந்துவிட்டது’ என்று இப்பகுதி மக்கள் சொல்லும் பக்கவாதம், மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டோ வெடித்தோ உடலின் ஒரு பாதி செயலிழக்கும் நோய். வலக்கை செயலிழந்தவர் சட்டை அணிய முயலும்போது பழக்கத்தின்படி நல்ல கையை முதலில் நுழைத்துவிட்டால், மீதிச் சட்டை முதுகுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ள, துவண்ட கையை அதற்குள் செலுத்த வழியில்லாமல் போகும். ஆகவே அமர்ந்த நிலையில் சட்டையை மடியில் விரித்து, நல்ல கையால் துவண்ட கையை முதலில் கைப்பகுதிக்குள் செலுத்தித் தோள்வரை ஏற்றிவிட்டு, அதன்பின் சட்டையைப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து நல்ல கையை நுழைக்கப் பயிற்றுவிக்கிறார்கள். கழற்றும்போது இந்த வரிசை தலைகீழாகும், நல்ல கையே முதலில் வெளிவரும். பொத்தானுக்குப் பதில் ஒட்டுப்பட்டை தைத்துக்கொள்வதும், வேட்டியின் இடுப்பில் அதே பட்டையை வைப்பதும், கொசுவத்தை முன்னதாகவே மடித்துத் தைத்த புடவையை உடுத்துவதும் தையற்காரரின் ஒரு மணி நேர வேலை. பெண்களுள் பலர் நோய்க்குப் பின் நைட்டியோடு நின்றுவிடுகிறார்கள். வீட்டுக்குள் அது வசதியானதே என்றாலும், புடவை உடுத்த முடியாமையால் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதையே விட்டுவிட்டவருக்கு அந்தப் புடவையும் சிகிச்சையின் ஓர் இலக்காக வேண்டும்.

உணவு இதைவிடச் சிக்கலானது. வலக்கையால் உண்பதும் இடக்கையால் கழுவுவதும் என்று இரண்டு கைகளுக்கும் வேலையைப் பிரித்துவைத்திருக்கும் பண்பாட்டில், வலக்கையை இழந்தவர் இடக்கையால் சோற்றைத் தொடக் கூசுகிறார்; பந்தியில் அமர்வதைத் தவிர்க்கிறார்; முடிவில் வீட்டாரே ஊட்டிவிடும் நிலை நிலைத்துவிடுகிறது. பிடி பருத்த கரண்டி, சோறு வழியாதபடி விளிம்பு உயர்ந்த தட்டு, தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி ஆகியவற்றைச் சிகிச்சையாளர் பரிந்துரைப்பது ஒரு பாதி. கழிப்பறையில் கைத்தெளிப்பான் பொருத்தினால் கழுவும் வேலையில் கையின் பங்கு குறையும். ஒரே கை இரண்டையும் செய்ய நேர்வதன் அருவருப்பை அது பெருமளவு நீக்கிவிடும் என்று எடுத்துச்சொல்லி நோயாளியின் மனத்தையும் குடும்பத்தின் மனத்தையும் இளகவைப்பது மறுபாதி. மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்டவர்களுள் சிலருக்கு நேரும் வேறொரு குறைபாடும் உணவின்போதே தெரியவரும்: பார்வை நன்றாக இருந்தும் இடப்பக்க உலகத்தையே மனம் கவனிக்காமல் விட்டுவிடும். வாழையிலையில் நுனி இடப்பக்கம் இருக்க, உப்பும் ஊறுகாயும் இனிப்பும் அந்தப் பக்கமே பரிமாறப்படுவது வழக்கம். இக்குறைபாடு உடையவர் இலையின் வலப்பாதியை வழித்து உண்டுவிட்டு இடப்பாதியைத் தொடாமல் எழுவார். வீட்டார் அதை வாய்க்குப் பிடிக்கவில்லை என்றோ பிடிவாதம் என்றோ நினைத்துக்கொள்வார்கள். அது நோயின் கூறு என்று விளக்கி, இலையின் இட ஓரத்தில் கண்ணைக் கவரும் ஏதேனும் ஒரு பொருளை வைத்து அதைத் தேடிப் பார்வையைத் திருப்பும்படி ஒவ்வொரு வேளையும் பழக்குவது தொழில்வழிச் சிகிச்சையின் பணி. உணவு நேரமே அங்கே பயிற்சி நேரமாகிறது.

மூன்றாவது, கொல்லை. மலங்கழிப்பதைக் ‘கொல்லைக்குப் போவது’ என்றே சொல்லிப் பழகிய வட்டாரம் இது. சிற்றூர்களில் பல வீடுகளின் கழிப்பறை இன்றும் வீட்டை விட்டுத் தள்ளிக் கொல்லைப்புறத்தில், உயரமான மேடைமேல், குந்தி அமரும் பீங்கானோடு இருக்கிறது. பக்கவாதமோ முழங்கால் தேய்மானமோ கண்டவருக்கு இரவில் அந்த இருபது தப்படி நடை விழுந்து எலும்பு முறியும் வழி. வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, வழுக்காத தரை, இரு பக்கமும் கைப்பிடி, பீங்கானின் மேல் வைத்துக்கொள்ளும் துளையிட்ட நாற்காலி ஆகிய நான்கும் இருந்தால் பிறர் துணையின்றி ஒருவர் போய்வர முடியும். அந்தத் துணையற்ற போக்குவரவுக்கு உள்ள மதிப்பு எந்த அளவுகோலின் பத்து மதிப்பெண்ணிலும் அடங்குவதன்று; மகனையோ மருமகளையோ எழுப்பத் தயங்கி மாலைக்குப் பின் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொள்ளும் முதியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

வயல்வேலையைப் பகுத்தல்

பிழைப்புக்கான உழைப்பும் இச்சிகிச்சையின் எல்லைக்குள் அடங்கும். ஒரு வேலையை அதன் உறுப்புகளாகப் பிரித்து, எந்த உறுப்பு இயலும், எது இயலாது, எதை மாற்றிச் செய்யலாம் என்று காண்பதைச் செயல் பகுப்பாய்வு என்பர். நடவை எடுத்துக்கொண்டால், ஒரு கையில் நாற்று முடியைப் பிடித்துக்கொண்டு மறுகையின் பெருவிரலாலும் அடுத்த விரல்களாலும் இரண்டு மூன்று நாற்றுகளைப் பிரித்தெடுத்துச் சேற்றில் ஊன்றி, குனிந்த இடுப்பு நிமிராமல் பின்னோக்கி நகர வேண்டும். விரல்நுனி உணர்ச்சி, இரு கைகளின் ஒத்திசைவு, இடுப்பின் தாங்குதிறன், சேற்றில் கால் வாங்கும் சமநிலை ஆகிய நான்கும் ஒருசேரத் தேவைப்படும் வேலை அது. இவற்றுள் ஒன்றை இழந்தவருக்கு நடவு இயலாமற்போகலாம். நாற்காலியில் அமர்ந்து விதை தெரிவு செய்வது, களத்தில் நெல்லுக்குக் காவலிருந்து கிளறிக் காயவைப்பது, வீட்டில் இருந்தபடி கீரை ஆய்ந்து கட்டுவது ஆகியவற்றுள் ஒன்று இயலக்கூடும். கைப்பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கிய கதிர் அரிவாளை விரல் பிடிப்பு தளர்ந்தவர் பிடிக்கக்கூடும். நரம்பு பாதித்து உணர்ச்சி இழந்த கைக்கு அந்தத் துணிச்சுற்று கொப்புளம் வராமல் காக்கும் கவசமுமாகும். குறுவை, சம்பா, தாளடி என்று பருவத்துக்குக் கட்டுப்பட்ட ஊரில், எந்தப் பருவத்தில் எந்த வேலைக்கு ஒருவர் திரும்பலாம் என்று நாள் குறித்துத் தரும் சிகிச்சைத் திட்டமே நோயாளிக்குப் புரியும் திட்டம்.

கைத்தொழில்களாலும் செழித்த நிலம் இது. சுவாமிமலையில் படிமம் வார்ப்பவர், திருபுவனத்தில் பட்டு நெய்பவர், தஞ்சையில் வீணை செய்பவர், நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு கடைபவர் ஆகியோரின் பிழைப்பு விரல்களிலேயே இருக்கிறது. மணிக்கட்டு நரம்பு அழுத்தமோ மூட்டுவாதமோ கண்ட நெசவாளருக்கு வலி மருந்து மட்டும் தருவதும், அவருடைய இருக்கையின் உயரத்தையும் கைவீச்சையும் பார்த்துத் திருத்தி, மணிக்கட்டுக்குச் சிம்பு செய்துகொடுப்பதும் ஒன்றாகா. சிம்பு என்பது மூட்டை உரிய நிலையில் தாங்கி நிறுத்தும் கட்டு. வெந்நீரில் இளகும் நெகிழித் தகட்டை நோயாளியின் கைமேலேயே வளைத்து அதைச் செய்வது தொழில்வழிச் சிகிச்சையாளரின் தேர்ந்த கைவேலை.

நிறுவனங்கள் இன்று நிற்கும் இடம்

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959இல் தொடங்கப்பட்டது. நகரின் நடுவில் இருக்கும் இராசா மிராசுதார் மருத்துவமனை அதனினும் பழமையானது. படுகையின் பல மாவட்டங்களிலிருந்தும் விபத்தும் பக்கவாதமும் கண்டவர்கள் தஞ்சைக்கே கொண்டுவரப்படுகிறார்கள். நெருக்கடியில் உயிர்காக்கும் ஆற்றல் கடந்த சில பத்தாண்டுகளில் வளர்ந்திருப்பதை எவரும் மறுக்க இயலாது. ஆனால் தமிழகத்தின் அரசு மருத்துவ அமைப்பில் இயன்முறை மருத்துவருக்கு உள்ள இடம் தொழில்வழிச் சிகிச்சையாளருக்கு அமையவில்லை. அவருக்கான பணியிடம் பெருநகரங்களுக்கு வெளியே அரிது. இதற்கான பட்டப்படிப்பை நடத்தும் கல்லூரிகள் பெரும்பாலும் சென்னை, வேலூர், கோயம்புத்தூர் போன்ற இடங்களில் அமைந்திருப்பதும், படித்தவர்களுள் பலர் வெளிநாட்டுக்கோ பெருநகரத் தனியார் நிலையங்களுக்கோ சென்றுவிடுவதும் இப்பற்றாக்குறையை மிகுவிக்கின்றன. சிறுநகரங்களில் இவர்கள் காணப்படும் இடம் பெரும்பாலும் ஆட்டிசம், கவனக்குறைவு முதலிய வளர்ச்சிச் சிக்கல்கள் உள்ள குழந்தைகளுக்கான தனியார் மையங்களே. இத்துறை குழந்தைகளுக்கு மட்டும் உரியது என்னும் எண்ணம் பெற்றோரிடையே பரவியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சர்க்கரை, இரத்த அழுத்த நோய்களுக்கான மாத்திரைகளோடு நோய்த்தணிப்புப் பராமரிப்பையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுசெல்ல வழிசெய்தது; 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போகும் உரிமையும் பழக்கமும் உடைய ஒரு படை இத்திட்டத்தால் உருவாகியிருக்கிறது. அந்தப் படையில் வீட்டின் படியையும் கழிப்பறையையும் சமையலறையையும் நோயாளியின் கண்ணோடு பார்க்கத் தெரிந்த ஒருவரைச் சேர்ப்பது அடுத்த இயல்பான படியாகும். உலக வங்கியின் உதவியோடு மாற்றுத்திறனாளிகளுக்காகத் தமிழக அரசு நடத்தும் ‘உரிமைகள்’ திட்டத்தின்கீழ் அமைந்துவரும் ‘விழுதுகள்’ சேவை மையங்கள், இயன்முறை, பேச்சு, தொழில்வழிச் சிகிச்சைகளை ஒரே கூரையின்கீழ் வட்டார அளவில் தர முற்படுவது நம்பிக்கை தரும் செய்தி. பள்ளிகளைப் பொறுத்தவரை, ஒன்றியந்தோறும் உள்ள வட்டார வள மையங்கள் வழியே சிறப்பு ஆசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் மாற்றுத்திறன் குழந்தைகளைச் சென்றடைகிறார்கள். ஆயினும் பெருமூளை வாதம் உடைய குழந்தை வகுப்பில் சரியாமல் அமர்வதற்கேற்ற இருக்கை, பென்சிலைப் பிடிக்க உதவும் தடித்த பிடி, மதிய உணவைத் தானே உண்ணும் பழக்கம் ஆகியவற்றை வடிவமைக்கப் பயின்றவர் அக்குழுவில் இருப்பது அரிதாகவே உள்ளது.

சட்டநிலையில் ஒரு பெரிய மாற்றம் 2021இல் வந்தது. அவ்வாண்டு நிறைவேறிய சார்நிலை மற்றும் சுகாதாரத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், தொழில்வழிச் சிகிச்சையைத் தனியொரு தொழிற்பிரிவாக ஏற்று, அதற்குக் கல்வித்தரமும் பதிவேடும் அமைய வழிவகுத்தது. பதிவேடு நடைமுறையில் முழுமையடையும்போது, சில வாரப் பயிற்சியோடு ‘தெரபிஸ்ட்’ என்று பெயர்ப்பலகை மாட்டுவோரிடமிருந்து பெற்றோருக்கும் நோயாளிகளுக்கும் காப்பு கிடைக்கும்.

குடும்பமும் அதன் எல்லையும்

சிகிச்சையாளர் போதாத நாட்டில் குடும்பத்தாருக்கே பயிற்சி தந்துவிட்டால் என்ன என்னும் கேள்வி நியாயமானது. அது முறையாகச் சோதிக்கப்பட்டும் இருக்கிறது. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளை உட்படுத்தி நடந்த ‘அட்டெண்ட்’ என்னும் ஆய்வின் முடிவு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவத்தோடு, பராமரிக்கும் உறவினருக்கும் வீட்டுப் பயிற்சி கற்பிக்கப்பட்டது. மறுபகுதியினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். ஆறு மாத முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களுமாகச் சேர்ந்து இரு பகுதியிலும் ஏறத்தாழ 47 விழுக்காடாகவே இருந்தனர். குடும்பத்தின் அன்பு வீண் என்று இதற்குப் பொருளில்லை. பயின்றவரின் பணியைக் குடும்பத்தின் தலையில் வைத்துவிட்டு அமைப்பு கைகழுவ முடியாது என்பதே இதன் பொருள்.

குடும்பத்தின் அன்பே சில வேளை தடையாவதும் உண்டு. நோயாளி தாமே சட்டை அணியக் கால்மணி நேரம் ஆகும். மகள் அணிவித்தால் இரண்டு நிமிடம். ‘நீங்க ஏம்ப்பா கஷ்டப்படுறீங்க, நான் போட்டுவிடுறேன்’ என்னும் பரிவு நாள்தோறும் தொடரும்போது, மீளக்கூடிய கையும் பயன்பாடின்றி மடங்கி இறுகிவிடுகிறது. கூலிக்கு வரும் வீட்டுப் பணியாளரும் முதியோர் இல்லப் பணியாளரும் நேர நெருக்கடியால் இதையே செய்கிறார்கள். எங்கே உதவ வேண்டும், எங்கே பொறுத்து நிற்க வேண்டும் என்று குடும்பத்துக்குச் சொல்லித்தருவது மருந்துச்சீட்டைப் போலவே தேவையான அறிவுரை. தமிழகத்தில் அறுபது வயதைக் கடந்தோர் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 10.4 விழுக்காடு, 2021க்கான மதிப்பீட்டில் 13.6 விழுக்காடு. பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட படுகை ஊர்களில், வயதான கணவனைக் கவனித்துக்கொள்பவர் பெரும்பாலும் வயதான மனைவியே. அவருடைய முதுகைக் காப்பதும், அவர் ஒருவராகவே கணவரைக் கட்டிலிலிருந்து எழுப்பும் முறையைக் கற்பிப்பதும், கட்டிலின் உயரத்தை அதற்கேற்ப மரக்கட்டை வைத்து உயர்த்துவதும் இச்சிகிச்சையின் பணிகளே.

ஆய்க்குடி காட்டும் வழி

சிற்றூரில் இது இயலுமா என்னும் ஐயத்துக்கு விடை தமிழகத்திலேயே இருக்கிறது. கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளை ஊர் ஊராகத் தேடிக் கண்டு, உள்ளூர்ப் பெண்களையே சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றி வீடுகளுக்கு அனுப்புகிறது. இயன்முறை, தொழில்வழி, பேச்சுச் சிகிச்சையாளர்கள் கைபேசிச் செயலி வழியாகவும் நேரிலும் அப்பணியாளர்களை வழிநடத்துகிறார்கள். சிகிச்சையாளர் எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் அவருடைய அறிவு பல வீடுகளுக்குச் சென்றுசேர்கிறது. பணியாளர் தனித்து விடப்படாமல் பயின்றவரின் மேற்பார்வையில் இயங்குகிறார். குடும்பத்தை மட்டும் நம்புவதற்கும் நிபுணரை மட்டும் எதிர்பார்த்திருப்பதற்கும் நடுவில் அமைந்த இந்த ஏற்பாட்டைப் படுகை மாவட்டங்களுக்கு ஏற்ப அமைத்துக்கொள்வதில் பெரிய தடை ஏதுமில்லை. ஒன்றியத்துக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று ஒன்றியங்களுக்கு ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளர், அவருக்குக் கீழ் ஏற்கெனவே வீடுகளுக்குச் செல்லும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் என்னும் அளவிலேயே தொடங்கலாம்.

அதற்கு முன்னரே செய்யத்தக்கவையும் சில உண்டு. நோயாளி மருத்துவமனையிலிருந்து வீடு செல்லும் நாளில், மருந்துப் பட்டியலோடு அவர் வீட்டின் படிகள், கழிப்பறை, படுக்கை, அவர் முன்பு செய்த வேலை ஆகியவற்றைக் கேட்டெழுதிய ஒரு பக்கக் குறிப்பும் தரப்படலாம். ‘கலைஞரின் கனவு இல்லம்’ போன்ற வீட்டுத் திட்டங்களில் கட்டப்படும் 360 சதுர அடி வீட்டில், உயரம் குறைந்த படியும் கழிப்பறைக் கைப்பிடியும் அகன்ற கதவும் தொடக்கத்திலேயே வரைபடத்தில் இடம்பெற்றால், பின்னாளில் சுவரை இடிக்கும் செலவு மிச்சமாகும். கொத்தனாருக்கும் தச்சருக்கும் தையற்காரருக்கும் இத்தகைய மாற்றங்களைக் கற்பிக்கும் சிறு பயிற்சிகளை ஊராட்சிகளே நடத்தலாம். கருவிகள் கடல்கடந்து வர வேண்டியதில்லை.

இவையெல்லாம் நிறைவேறியதை அளக்கும் கோலும் இங்கேயே இருக்கிறது. மருத்துவமனையில் எத்தனை பேர் பிழைத்தனர் என்னும் கணக்கோடு, வீடு திரும்பி ஆறு மாதம் ஆனபின் அவர்களுக்கு எந்தெந்தத் தொழிற்பெயர்கள் மீண்டன என்று ஒரு கணக்கும் எடுக்கப்பட வேண்டும்: தானே உண்ணல், தானே உடுத்தல், விளக்கைப் போட்டுக்கொண்டு யாரையும் எழுப்பாமல் கொல்லைக்குப் போய்வருதல். அந்தக் கணக்கை எடுக்க ஒருவர் வீட்டுக்குள் வர வேண்டியிருக்கும். அவ்வாறு வருபவர் தொழில்வழிச் சிகிச்சை பயின்றவராக இருப்பின், கணக்கெடுக்கும் அந்த முதல் நாளிலேயே வாசற்படியின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொண்டு போவார்.